சங்கச் சந்தாவா, வக்கீல் காப்பீடா?

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண்களிடம் பேசினால், முதலில் வருவது வேலை போய்விடுமோ என்ற கவலைதான். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட நம் மக்களில் பலருக்குப் பழைய வேலை எட்டாத தூரமாகிவிட்டது. இப்போது மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் வீட்டுவேலை. இல்லையென்றால் ஐ.டி. வளாகங்களில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. "நாளையிலிருந்து வராதே" என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

"சங்கத்துக்குச் சந்தா கட்டுவதற்குப் பதில், வெளிநாட்டில் இருப்பதுபோல வக்கீல் செலவுக்குக் காப்பீடு எடுத்தால் என்ன?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஜெர்மனியில் அப்படி இருக்கிறது. ஆனால் பாலிசி எடுத்துச் சில மாதங்கள் கழித்து எழும் தகராறுக்குத்தான் பொதுவாகப் பணம் தருவார்கள். அடி விழுந்த பிறகு ஓடிப்போய் எடுக்க முடியாது.

நம் ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. தொழிலாளர் அலுவலர் முன் நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றம் அனுமதித்தால்தான் வக்கீல் வாதாடலாம். சங்க நிர்வாகி அந்த இரண்டு இடத்திலும் நமக்காகப் பேசலாம். வேலைநீக்கம் என்றால் தனி ஆளாகவே மனு கொடுக்கலாம். 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராக வழக்குக்குப் போகலாம். கூலி உயர்வு, வேலைப்பளு போன்றவற்றுக்கு அந்த வழி கிடையாது. அங்கே கூட்டம்தான் பேச வேண்டும்.

வக்கீல் தேவைப்படும் இடத்துக்கு நம் கையில் ஏற்கெனவே ஒரு காப்பீடு இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் அந்த உரிமை உண்டு. சாதி சொல்லித் திட்டியதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கும்போதும் இந்த உதவியைக் கேட்கலாம். பிரீமியம் ஒரு பைசா இல்லை. இது தெரியாமல் தாலியை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

அதற்காகச் சங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. 1918இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனை நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். மூன்றே ஆண்டில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் மோதல் வெடித்துப் புளியந்தோப்பில் நம்மவர் குடிசைகள் எரிந்தன. பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதாரைச் சேர்க்காததை அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடமே கேள்வியாக வைத்தார். அதே அம்பேத்கர்தான் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றபின், 1943இல் தொழிற்சங்கங்களுக்குக் கட்டாய அங்கீகாரம் கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகவே சேரும்முன் கேளுங்கள்: நிர்வாகக் குழுவில் நம் பெண்கள் இருக்கிறார்களா? சந்தாவுக்கு ரசீது உண்டா?

வீட்டுவேலை செய்யும் அக்காமார்களின் நிலை இன்னும் கடினம். வீட்டுவேலையைச் சட்டம் 'தொழில்' என்று கணக்கில் எடுப்பதில்லை. தொழிலாளர் நீதிமன்றக் கதவு அவர்களுக்குத் திறக்காது. அவர்களுக்கு 2007இல் அமைந்த நல வாரியம் உண்டு. அதில் பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் அலைவதற்குத் துணை நிற்பது பெரும்பாலும் சங்கத்துப் பெண்கள்தான்.

எந்தப் பக்கம் போனாலும் காகிதம் வேண்டும். ஒப்பந்த நிறுவனத்தின் பெயர், அடையாள அட்டை, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், வருகைப் பதிவின் செல்போன் படம் ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.