ஓடுவது மோட்டார், சூடு தாங்குவது கன்ட்ரோலர்!

விசையை விரலால் அழுத்தியதும், முழ நீளக் கார் ஒன்று சிறுத்தைபோல் பாய்கிறது. ரேடியோ அலையால் ஓடும் இந்தக் கார்கள் விளையாட்டுச் சாமான்கள்தாம். ஆனால் அவற்றின் வயிற்றுக்குள் நடக்கும் வேலை விளையாட்டல்ல.

பழைய மாதிரி மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் உண்டு. அவை உரசி உரசி, மின்சாரத்தை ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்கு மாற்றிவிடும். பிரஷ் இல்லாத மோட்டாரில் அந்த வேலையைச் செய்வது எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர். வில்சன், டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1962-ல் இந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று கைக்கு அடக்கமான பெட்டியில் இருந்துகொண்டு, மூன்று கம்பிகள் வழியே மாறி மாறி மின்சாரம் அனுப்புகிறது கன்ட்ரோலர்.

பாரம் ஏறினால்...

சுழலும் மோட்டார், தானே ஒரு டைனமோவாகவும் ஆகிவிடுகிறது. அதில் பிறக்கும் எதிர் வோல்டேஜ், பேட்டரியை எதிர்த்து நிற்கும். அதனால் மின்சாரம் அளவோடு பாயும். மணலிலோ மேட்டிலோ கார் திணறினால் சுழற்சி குறையும். எதிர் வோல்டேஜும் குறையும். உடனே மடை திறந்தாற்போல் மின்சாரம் பாயும். சக்கரம் சிக்கி அடியோடு நின்றுவிட்டாலோ, எதிர் வோல்டேஜே இராது!

கன்ட்ரோலருக்குள் உள்ள தடை 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 40 ஆம்பியர் பாய்ந்தால் சூடாக வீணாவது 8 வாட். 80 ஆம்பியர் பாய்ந்தால் 32 வாட். மின்சாரம் இரண்டு மடங்கு. சூடோ நான்கு மடங்கு!

பாதி விசையும் ஆபத்தே

விசையைப் பாதி அழுத்தினால் கன்ட்ரோலருக்கு ஓய்வு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. பாதி விசையில் அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு பிறக்கிறது. சமதரையில் முழு விசையில் பறக்கும் காரைவிட, பாதி விசையில் மேடு ஏறும் கார் கன்ட்ரோலரை அதிகமாக வாட்டக்கூடும்.

புறப்படும்போது கார் உதறுவது ஏன்? சென்சார் இல்லாத வகையில், சுழலும் காந்தம் எங்கே நிற்கிறது என்பதை எதிர் வோல்டேஜைக் கொண்டே கன்ட்ரோலர் அறிகிறது. நின்ற நிலையில் அது இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்! சென்சார் பொருத்திய மோட்டாரில் இந்த உதறல் பெரும்பாலும் இராது.

காப்பாற்றும் வழி

மோட்டார் முனையில் பெரிய பற்சக்கரம் மாட்டினால் வேகம் கூடும் என்ற ஆசைதான் பல கன்ட்ரோலர்களுக்கு எமன். அங்கே சிறிய பற்சக்கரம் போட்டால் மோட்டாருக்குப் பாரம் குறையும். கன்ட்ரோலருக்குக் காற்றுப் படவேண்டும். சூடு மிஞ்சித் தானாக நின்ற காரை ஆறவிடாமல் மீண்டும் ஓட்டக் கூடாது.

லித்தியம் பாலிமர் பேட்டரியானால் இன்னும் கவனம் தேவை. ஒரு செல்லின் வோல்டேஜ் 3-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெடும், உப்பும். அதைத் திரும்பச் சார்ஜ் செய்யும்போது தீப்பிடிக்கவும் கூடும். வோல்டேஜ் இறங்கியதும் ஓட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு கன்ட்ரோலரிலேயே உண்டு. பேட்டரிக்கு ஏற்றபடி அதை அமைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் காரைக் கொடுக்கவேண்டும்.

பற்சக்கரத்தில் இரண்டு பல் குறைந்தால் வேகம் சிறிது குறையும், அவ்வளவுதான். கன்ட்ரோலர் பிழைக்கும், கையிலுள்ள காசும் பிழைக்கும்.