நுளம்பு புகாத வீடு: ஊவாத் தோட்டங்களில் எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ-4 நெடுஞ்சாலை பெரகல சந்தியை அடையும்போது வழி இரண்டாகிறது. ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎலையை நோக்கி ஏற, மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. ஏறும் பக்கத்தில் ஹப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் குளிரும் மூடுபனியுமாக நிற்கிறது. இறங்கும் பக்கத்திலோ சிறிது தூரத்திலேயே வறண்ட வலயத்தின் வெக்கை தொடங்கிவிடுகிறது. நுளம்பின் உடல்வெப்பம் சூழலின் வெப்பத்தையே பின்பற்றுவதால், அதன் முட்டை வளர்ந்து முழு நுளம்பாவதற்கும், அதன் உடலுக்குள் நோய்க்கிருமி முதிர்வதற்கும் ஆகும் காலம் இந்த உயர வேறுபாட்டோடு சேர்ந்தே மாறுகிறது. ஊவா மாகாணத்தின் தாழ்ந்த பகுதிகளில் மலேரியா தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்ததற்கும், உயர்ந்த தோட்டங்கள் அதிலிருந்து பெரும்பாலும் தப்பியதற்கும் இதுவே முக்கிய காரணம். ஆயினும் உயரம் ஒரு காவலே தவிர முழுக் காவல் அன்று. குளிரைத் தாங்கும் நுளம்பினங்கள் உண்டு. வாகனங்களிலும் பழைய டயர்களிலும் முட்டைகள் மலையேறுகின்றன. காய்ச்சலோடு ஊர் திரும்பும் மனிதரின் இரத்தத்தில் கிருமியும் உடன் வருகிறது.

வீடுகளைச் சுற்றிவரும் நுளம்புகளை மூன்று கூட்டமாகப் பிரித்தறிவது காவலின் முதல் படி. மலேரியாவைக் கடத்தும் அனோபிலிஸ் நுளம்பு மாலை மங்கிய பின்னரே கடிக்கிறது. தெளிந்த, பெரும்பாலும் வெயில் படும் தேங்குநீரை நாடுகிறது. இரவில் காதருகே இரையும் கியூலெக்ஸ், அழுக்கு நீர் தேங்கிய கான்களிலும் கழிப்பறைக் குழிகளிலும் பெருகுகிறது. யானைக்கால் நோய்ப் புழுவைப் பரப்புவது அதுவே. உடலிலும் கால்களிலும் வெள்ளைக் கோடுகள் கொண்ட ஈடிஸ், டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்புவது. பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னரும், கடிப்பது. இக்கூட்டத்தில் ஈடிஸ் எஜிப்தி வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளின் மடிப்பிலும் ஒளிந்திருக்க, குளிரை அதிகம் தாங்கும் ஈடிஸ் அல்போபிக்டஸ் வீட்டைச் சுற்றியுள்ள செடிகொடிகளிடையே வாழ்ந்து, மூங்கில் கட்டையின் பொந்திலும் இலைக்கணுவிலும் தேங்கும் சிறிதளவு நீரிலேயே இனம் பெருக்குகிறது.

மூன்றுக்கும் பொதுவானது நீர். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி எனப்படும் புழுப்பருவமும், அதையடுத்த கூட்டுப்புழுப் பருவமும் நீரிலேயே கழிகின்றன; வெப்பமான சூழலில் முட்டை பொரித்து ஏழு முதல் பத்து நாட்களுக்குள் நுளம்பு பறந்துவிடுகிறது, குளிர்ந்த மலையில் இக்காலம் நீளுகிறது. கியூலெக்ஸ் தன் முட்டைகளை நீரின்மேல் மிதக்கவிடுகிறது. ஈடிஸோ அவற்றைப் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கிறது. நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் அம்முட்டைகள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் ஏறித் தொடும்போது பொரிக்கின்றன. ஆகையால் பீப்பாயிலுள்ள நீரைக் கவிழ்த்து ஊற்றுவது மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறையேனும் உட்சுவரைத் தும்பு வைத்து அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டியிருக்கும் முட்டைகள் அகலும். வாரம் என்ற கணக்கு, முட்டை நுளம்பாவதற்கு எடுக்கும் மிகக் குறுகிய காலத்தை ஒட்டி வகுக்கப்பட்டது.

நீர் குறைந்தால் நுளம்பும் குறையும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்ததால் ஈரவலயத்து ஆறுகள் வற்றி, அவற்றின் படுகைகளில் ஆயிரக்கணக்கான குட்டைகள் தேங்கின. ஓடும் நீரில் வளர இயலாத அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் அக்குட்டைகளில் அளவின்றிப் பெருகியதன் விளைவாக, 1934–35 காலப்பகுதியில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1940களின் நடுவில் டி.டி.டி. மருந்தை வீடுகளின் உட்சுவரில் தெளிக்கும் முறை வந்தது. இந்நுளம்பு இரத்தம் உறிஞ்சிய பின் அருகிலுள்ள சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கும் வழக்கமுடையது என்பதால் சுவரே அதற்குக் கண்ணியாயிற்று. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கைகூடியதென்று கண்காணிப்புத் தளர்ந்ததும், 1960களின் இறுதியில் நோய் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றித் திரும்பியது, டி.டி.டி.யை எதிர்த்து வாழ நுளம்பும் பழகிக்கொண்டது. பல பதிற்றாண்டு உழைப்புக்குப் பின், உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவாக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் நீங்கினாலும் அதைக் கடத்தும் நுளம்பு நீங்கிவிடவில்லை. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளரக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய இனம் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது.

மலேரியா பின்வாங்கிய காலத்திலேயே டெங்கு முன்னேறியது. 1960களின் தொடக்கத்தில் ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட இந்நோய், 1989 முதல் இரத்தப்பெருக்குக் காய்ச்சலாகக் கடுமையடைந்து, 2017இல் 1,86,000க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. சுவரில் மருந்து தெளிக்கும் பழைய உத்தி இங்கே பெரிதும் பயன் தருவதில்லை, ஏனெனில் ஈடிஸ் சுவரைவிடத் துணி மடிப்புகளையும் தளபாடங்களின் அடிப்பகுதியையும் நாடுகிறது. இரவில் விரிக்கும் நுளம்புவலையும் பகலில் கடிக்கும் நுளம்பைத் தடுப்பதில்லை. எனவே டெங்குவைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் வந்த நுளம்பை விரட்டுவதைக் காட்டிலும் வீட்டருகே நுளம்பு பிறக்கவிடாமல் செய்வதே முதன்மையான காவலாகிறது. பெரும்பாலான ஈடிஸ் நுளம்புகள் தாம் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றர் தூரத்துக்கு அப்பால் செல்வதில்லை என்பதால், தோட்டத்து வரிசைவீடான லயம் ஒன்றின் காம்பராவில், அதாவது அறையில், கடிக்கும் நுளம்பு பெரும்பாலும் அதே லயத்தில் அல்லது அடுத்த லயத்தில் பிறந்ததாகவே இருக்கும்.

பத்திரிகைகளும் துண்டுப்பிரசுரங்களும் வழக்கமாகக் கூறும் அறிவுரை, யன்னலுக்கு வலையடித்துக் கதவைச் சாத்திவைக்கும்படி சொல்வது. அந்த அறிவுரை யன்னல்களும் உட்கூரையும் கொண்ட தனி வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. பெரகலவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்றும் பலர் வாழும் லயக்காம்பரா அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அறையும், முன்னே ஒரு சிறு இஸ்தோப்பும், சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையே திறந்து கிடக்கும் இடைவெளியுமாக அமைந்த அவ்வீட்டில், விறகடுப்பின் புகை வெளியேறுவதற்கு அந்த இடைவெளியே வழியாக இருக்கிறது. அதைப் பலகை கொண்டு அடைத்தால் நுளம்போடு புகையும் உள்ளே நின்றுவிடும். வலைத்துணி கொண்டு அடைத்தால் புகை போகும், நுளம்பு வராது. ஆபிரிக்காவின் கம்பியாவில் நடத்தப்பட்டு 2009இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கதவு, யன்னல், கூரையிடுக்கு அனைத்துக்கும் வலையடித்த வீடுகளிலும், வலைத்துணியால் உட்கூரை மட்டும் கட்டிய வீடுகளிலும், உள்ளே புகும் மலேரியா நுளம்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இவ்வகை வலையின் துளை 1.2 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் காற்று தடைபடாமல் நுளம்பு மட்டும் தடைபடும்.

ஆயினும் லயத்தில் வலைக்கு முன்னே கவனிக்கவேண்டியது நீர். ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது; யூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீச, ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெறுகிறது. தேயிலைக்கு நல்ல காலமான அதே மாதங்களில் பொதுவில் நீர் பிடிக்கும் பீலிக்கரையில் நீர் மெலிந்துவிடுவதால், வீடுதோறும் பீப்பாய்களிலும் வாளிகளிலும் நீர் சேமிக்கப்படுகிறது. மழைக்காலத்தில் எறியப்பட்ட யோகட் கோப்பை, சிரட்டை, டயர், அடைபட்ட கூரைப் பீலி ஆகியவற்றில் வளரும் ஈடிஸ், வறட்சிக் காலத்தில் இந்தப் பீப்பாய்களுக்கு இடம் மாறுகிறது. பீப்பாயின் மூடியில் சில மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும் நுளம்பு நுழைந்துவிடும் என்பதால், மூடியைவிட நெருக்கமான வலைத்துணியை வாயில் இறுக்கமாக இழுத்துப் பழைய ரியூப் பட்டையால் கட்டுவது மேல். துணி நடுவில் தொய்ந்தால் அந்தத் தொய்விலேயே மழைநீர் தேங்கி, மூடியே முட்டையிடும் இடமாகிவிடும்.

ஒழுகும் தகரத்தை மறைக்க விரித்த படங்கு, லயத்துக்கே உரிய மற்றோர் இடர். காற்றுக்குப் பறக்காதிருக்க அதன்மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றப்படுகின்றன. படங்கின் மடிப்புகளிலும் டயரின் உட்குழிவிலும் தேங்கும் நீர் கீழே நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. டயருக்குப் பதிலாக மணல் நிரப்பிய பைகளைப் பயன்படுத்துவதும், அது இயலாதபோது டயரில் பல துளைகள் இட்டு நீர் வடியவிடுவதும், படங்கைச் சரிவாக இழுத்துக் கட்டுவதும் எளிய மாற்றுகள். கொடிக்கயிற்றில் நெருக்கமாகத் தொங்கும் துணிகளும் பகலில் ஈடிஸுக்கு இருட்டறை ஆகின்றன. அலுமாரி இல்லாத வீட்டில் அவற்றை மடித்துப் பெட்டியிலோ பையிலோ வைத்து மூடுவது ஒளிவிடத்தைக் குறைக்கும். கியூலெக்ஸைப் பொறுத்தவரை, லயத்தின் பின்புறக் கான் குப்பை அடையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கழிப்பறைக் குழியின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டப்பட வேண்டும்.

பகலில் உறங்குவோர் குழந்தைகளும் நோயாளிகளுமே. பெற்றோர் கொழுந்துக்குப் போன நேரத்தில் தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஈடிஸ் கடிக்கும் நேரம் முழுவதையும் அங்கேயே கழிப்பதால், நுளம்புவலை மிகத் தேவையான இடங்களுள் அதுவும் ஒன்று. டெங்குக் காய்ச்சலோடு படுத்திருப்பவரைப் பகலிலும் வலைக்குள் வைத்திருப்பது அவருக்காக அன்று, அவரைக் கடித்த நுளம்பு கிருமியை அடுத்த காம்பராவுக்கு எடுத்துச் செல்லாதிருப்பதற்காக. தரையில் பாய் விரித்து உறங்குவோர் வலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். உடல் வலையைத் தொட்டுக்கொண்டிருந்தால், மருந்து தோய்க்காத வலையினூடாக நுளம்பு கடித்துவிடும்.

புகையும் பூச்சும் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டியவை. நுளம்புச் சுருள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானில் உருவான கண்டுபிடிப்பு. பைரித்திரம் என்ற செவ்வந்தி வகைப் பூவின் தூளில் தொடங்கி, இன்று பெரும்பாலும் அதைப் போன்ற செயற்கை வேதிப்பொருள்களால் செய்யப்படுகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு ஒப்பானது என மதிப்பிட்டது. விறகுப் புகை ஏற்கெனவே சூழ்ந்த சிறு அறையில் கதவைச் சாத்திச் சுருளை ஏற்றுவது குழந்தைகளின் நுரையீரலுக்குப் பாரமாகும்; ஏற்றியே ஆகவேண்டுமாயின் இஸ்தோப்பில் வைப்பது நல்லது. டீட் என்னும் நுளம்பு விரட்டிப்பொருள் கலந்த பூச்சுகள் தோலில் பல மணி நேரம் காக்கின்றன. மூலிகை எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடுவதால் அடிக்கடி பூசவேண்டியவை. கேளா ஒலி எழுப்பி நுளம்பை விரட்டுவதாக விற்கப்படும் மின்கருவிகளுக்குப் பயன் ஏதும் இல்லை என்பது ஆய்வுகள் கண்ட முடிவு. நோய் பரவும் காலத்தில் சுகாதாரப் பிரிவினர் அடிக்கும் புகையும் அப்போது பறந்துகொண்டிருக்கும் நுளம்புகளை மட்டுமே கொல்கிறது. நீரிலுள்ள குடம்பிகள் சில நாட்களில் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

ஒரே கூரையின்கீழ் ஒரே கானைப் பகிரும் லயத்தில் ஒரு குடும்பம் மட்டும் காவல் செய்வதால் பயன் சிறிதே. குறித்த ஒரு நாளில் லயம் முழுவதும் ஒன்றுசேர்ந்து பீப்பாய்களைத் தேய்த்து, கூரையையும் கானையும் பார்வையிடுவதே பலன் தரும். இதில் நிர்வாகங்களின் பங்கும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நுளம்பு பெருகும் நிலைமையைத் தம் இடத்தில் உருவாகவிடாதிருக்கும் பொறுப்பை உரிமையாளர், குடியிருப்போர் இருசாரார்மீதும் சுமத்துகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வரும்போது குடியிருப்பவரின் யோகட் கோப்பை எளிதில் கண்ணில் படும். ஒழுகும் தகரமும், சரிவின்றி உடைந்த கானும், நாளெல்லாம் நீர் வராத குழாயும் ஒருவரின் வீட்டுக் குற்றமாகப் பதிவாவதில்லை. ஆயினும் படங்கு விரிக்கப்படுவது கூரை ஒழுகுவதால். பீப்பாய் நிரப்பப்படுவது குழாய் வற்றுவதால். மலையகத்தில் கட்டப்பட்டுவரும் தனி வீடுகளில் யன்னல், உட்கூரை, நாள்தோறும் குழாய்நீர் ஆகிய மூன்றும் அமைந்தால், மேலே சொன்ன வேலைகளுள் பாதி தேவையற்றுப் போகும். அதுவரை பீப்பாயைத் தேய்ப்பது குடும்பத்தின் பொறுப்பாகவும், கூரையையும் கானையும் குழாயையும் சீராக்குவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவும் கொள்ளப்பட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் லயத்தில் நுளம்பு குறையாது.