மருத்துவத்தின் ஐந்தாம் உறுப்பு

திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்தனர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பனவே அந்நான்கும். நோயாளன் ஒருவனும் மருத்துவன் ஒருவனும் எதிரெதிரே அமர்ந்திருக்குங்கால் இந்நான்குமே போதும். ஆனால் ஓர் ஊரை, ஒரு நாட்டை, நோய் பற்றுங்கால் இவை மட்டும் போதா. யாருக்கு எந்நோய் கண்டது, எப்பொழுது கண்டது, என்ன மருந்து அளிக்கப்பட்டது, அதன்பின் அவர் நிலை என்னாயிற்று என்பவற்றை ஒழுங்குபெற எழுதிவைக்கும் ஏடு ஒன்றும் வேண்டப்படுகின்றது. அவ்வேட்டையே மருத்துவத்தின் ஐந்தாம் உறுப்பு என யாம் கூறத் துணிகின்றோம்.

இவ்வேட்டை எழுதுதல், காத்தல், தொகுத்தல், அதனின்று பொருள் காண்டல் ஆகியவற்றை ஆராயும் துறையை இக்காலத்தார் மருத்துவத் தகவலியல் என்பர். காகிதத்தின் இடத்தைக் கணிப்பொறி கைக்கொண்ட பின்னர் இத்துறை விரைந்து வளர்ந்துளது. இனி வருங்காலத்தில் பொறியே நோயை முன்னறிந்து கூறும் என்றும், மருத்துவர் செல்லவியலாத இடத்துக்கும் மருத்துவம் செல்லும் என்றும் அறிஞர் உரைக்கின்றனர். அவ்வுரையை யாம் மறுப்பேம் அல்லேம். எனினும் வருங்காலத்தை அறிய விழைவார் முதற்கண் கடந்த காலத்தை நோக்குதல் நன்று. அதற்கு அயல்நாடு செல்ல வேண்டுவதின்று. நமது செங்கற்பட்டுச் சீமையிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் இவ்வேட்டின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே விளங்குகின்றன. அவற்றுள் மூன்றனை ஈண்டு எடுத்துரைப்பாம்.

முதலாவது, காசநோய்த் தடுப்பூசியின் வரலாறு. பி.ஸி.ஜி. என்னும் அவ்வூசி இந்தியாவில் 1948-ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் முதன்முதல் இடப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிற்று. பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே நிகழ்ந்த சோதனை அதன் ஆற்றலை வெகுவாகப் போற்றிற்று. இந்நாட்டிலோ இராஜாஜி 1955-இல் அதனை எதிர்த்து எழுதினர். ஒருசாரார் அமுதமென்றனர், மற்றொருசாரார் வேண்டாவென்றனர். இவ்வழக்கைத் தீர்ப்பதற்குச் சொற்போர் பயன்படாது. எண்ணிப் பார்த்தலே வழியாம். அதன்பொருட்டு 1968-ஆம் ஆண்டில், இன்றைய மாவட்டத்தினும் மிகப் பரந்திருந்த அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில், உலகிலேயே பெரியனவாகிய தடுப்பூசிச் சோதனைகளுள் ஒன்று தொடங்கப்பெற்றது.

அச்சோதனை நிகழ்ந்த முறை அறியத்தக்கது. பணியாளர் வீடுதோறும் சென்று 3,66,625 பேரின் பெயர்களைப் பதிவு செய்தனர். அவருள் 2,81,161 பேருக்கு 1971-ஆம் ஆண்டிற்குள் ஊசி இடப்பட்டது. சிலருக்கு இடப்பட்டது உண்மையான மருந்து. சிலருக்கு இடப்பட்டது மருந்தில்லாத நீர்மம். யாருக்கு எது என்பது இடப்பெற்றவருக்கும் தெரியாது, இட்டவருக்கும் தெரியாது. குறியீட்டு எண் ஒன்றே அறியும். விருப்பு வெறுப்பு முடிவைக் கெடுத்துவிடலாகாது என்பதே இம்மறைப்பின் நோக்கம். அதன்பின் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அவ்வூர்களுக்குச் சென்று, எவர் நோயுற்றார் என்று சளியைச் சோதித்துப் பதினைந்து ஆண்டுகள் குறித்து வந்தனர். ஊர் பெயர்ந்தாரையும் மணமுடித்துச் சென்றாரையும் இறந்தாரையும் தேடி எழுதிய அப்பணியாளரின் பொறுமையை என்னென்பது!

முதல் முடிவு 1979-இல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் திடுக்குற்றது. வயது வந்தோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று ஏடு கூறிற்று. பதினைந்து ஆண்டுக் கணக்கை 1999-இல் வெளியிட்டபோதும் அம்முடிவே உறுதியாயிற்று. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய காசநோய் வகைகளினின்று காப்பதாகப் பிற ஆராய்ச்சிகள் காட்டியமையின் பிறந்த குழந்தைகட்கு அவ்வூசி இன்றும் இடப்படுகின்றது. ஆயினும் அதனையே நம்பி வாளாவிருத்தல் கூடாது, நோயாளரைக் கண்டுபிடித்து மருந்தளித்தலே தலையாய வழி என்னும் தெளிவு இச்செங்கற்பட்டு ஏட்டினால் வலுப்பெற்றது. எதிர்த்தவர் சினமோ ஆதரித்தவர் ஆர்வமோ இதனை நாட்டவில்லை. வெயிலில் நடந்து வீட்டுவாயிலில் நின்று பெயரை எழுதியவரது கையே நாட்டிற்று. உண்மையாக எழுதப்பட்ட ஏடு உலகறிந்த கருத்தையும் மாற்றவல்லது என்பது இவ்வரலாற்றால் போதரும்.

இரண்டாவது, செங்கற்பட்டு நகரை அடுத்த திருமணியில் விளங்கும் தொழுநோய் நிலையம். ஸ்காத்லாந்துத் திருச்சபை மிஷனார் அமைத்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் ஏற்று, மத்தியத் தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிலையமாக வளர்த்தனர். நோய்க்கு மருந்து கிடைத்தது. 1980-களில் பல மருந்துகளைக் கூட்டியளிக்கும் முறையும் வந்தது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டபோது, பதினாயிரவருக்கு ஒருவர் என்னும் அளவினும் நோய் குறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் குறைந்த வேகத்தில் அதன் பழி குறைந்ததோவெனின், இல்லை. நோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இலேதான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி மணவிலக்குப் பெறலாம் என்னும் விதி 2019 வரையில் நம் நாட்டுச் சட்டங்களில் இருந்தது.

இதனைச் சற்றே எண்ணுக. ஒரு பெண்ணின் பெயர் தொழுநோய்ப் பதிவேட்டில் எழுதப்படுகின்றது. மருந்துண்டு ஓராண்டிற்குள் அவள் முற்றும் குணமடைகின்றாள். ஏட்டின் எழுத்தோ அழியவில்லை. அவ்வேடு தகாதவர் கையிற் சிக்குமாயின், நோய் செய்யாத கேட்டை எழுத்துச் செய்துவிடும் அன்றோ? காகித ஏடு ஓர் அலமாரியில் இருந்தது. அதனைப் பார்க்க ஒருவன் அவ்வறைக்குள் புகவேண்டும். கணிப்பொறி ஏட்டுக்கோ சுவருமில்லை, தூரமுமில்லை. ஆதலின் மறைகாத்தல் என்பது வருங்கால மருத்துவத்திற்கு ஓர் அணிகலன் அன்று. அது மருந்தின் ஒரு பகுதியே. தன் மறை காக்கப்படும் என்று நம்பாதவர் மருத்துவரிடம் வாரார்; வாராதவர் நோய் மறைவில் வளரும். தனிமனிதர் தகவலைக் காத்தற்பொருட்டு 2023-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. சட்டம் வேலியாகலாம், வேலிக்குள் காவல் புரிவது ஏடெழுதுவார் மனச்சான்றேயாம்.

மூன்றாவதனைக் காணச் செங்கற்பட்டினின்று கிழக்கே கடற்கரைக்குச் செல்வாம். சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உளது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கனையும் இருளர் பிடித்துவந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் விட்டுவிடுவர். இந்நஞ்சினின்று ஆக்கப்படும் முறிவு மருந்து நாட்டின் பற்பல பகுதிகளில் உயிர் காத்துளது. கல்வியும் செல்வமும் குறைந்த ஒரு குடியினர் தம் முன்னோர் அறிவினால் நாட்டுக்கு உயிர்ப்பிச்சை தந்தனர் என்றால் அது மிகையாகாது.

ஆயின் பாம்பு கடித்து இந்நாட்டில் எத்துணையர் இறக்கின்றனர்? நெடுங்காலம் மருத்துவமனைக் கணக்கே விடையாகக் கொள்ளப்பட்டது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மருத்துவமனையை நோக்காமல் இறப்பு நிகழ்ந்த வீடுகளை நோக்கிற்று. பயிற்சி பெற்றோர் வீட்டாரை வினவி இறப்பின் காரணத்தை எழுதினர். 2000 முதல் 2019 வரையில் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டனர் என்று அது மதிப்பிட்டது. அரசினர் மருத்துவமனைக் கணக்கோ இதனினும் பன்மடங்கு குறைவு. காரணம் வெளிப்படை. வயலிலும் புதரோரக் குடிசையிலும் கடியுண்டவருட் பலர் மருத்துவமனையை அடையுமுன்னரே உயிர் நீத்தனர். அவர் பெயர் எவ்வேட்டிலும் ஏறவில்லை. ஏட்டில் ஏறாதவருக்கு மருந்தும் ஒதுக்கப்படுவதில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கிற்று. அதற்குத் துணையாய் நின்றது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இஃது ஏட்டின் குறையை நிரப்புதற்கு எடுத்து வைத்த நல்லதோர் அடி.

இம்மூன்றும் தரும் பாடங்கள் இவை: ஏடு உண்மையாதல் வேண்டும், மறைகாத்தல் வேண்டும், ஒருவரையும் விடாதிருத்தல் வேண்டும். இனி, வருங்காலத்தை இம்மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்ப்பாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையார் இல்லங்களுக்கே பணியாளர் சென்று சோதித்து மருந்தளித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய அரசு நாடெங்கும் தொடங்கிய திட்டத்தின்படி, விரும்புவார் ஒவ்வொருவரும் பதினான்கு இலக்கமுடைய சுகாதார எண் ஒன்றைப் பெறலாம். செங்கற்பட்டில் எடுத்த இரத்தச் சோதனையை மதுரை மருத்துவர் நோயாளியின் இசைவுடன் காண்பதற்கு இவ்வெண் வழியாகும். 2022-இல் தமிழகத்திற் புகுத்தப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னும் நுட்பமானது. நோய் கண்ட அன்றே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து, இறக்கும் நிலையை அணுகுவாரைப் பிரித்தறிந்து மருத்துவமனையிற் சேர்ப்பர். ஒருவருக்கு இறப்பு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துக் கூறும் முறையும் 2025-இல் அதனோடு இணைக்கப்பட்டது.

பொறியின் கண்ணும் கூர்மை பெற்றுவருகின்றது. மார்பின் எக்ஸ்ரே படத்தை நோக்கிக் காசநோய்க் குறியைக் காட்டும் கணிப்பொறி முறைகளைப் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடையார்க்குப் பயன்படுத்தலாமென உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இசைவளித்தது. படம் பார்க்கும் நிபுணரில்லாத ஊர்களுக்கு இது பெருந்துணையாம். ஆயினும் பொறி தானாக ஒன்றும் அறியாது. முன்னர் எழுதப்பட்ட ஏடுகளைப் பயின்றே அஃது அறிவு பெறுகின்றது. ஏடு பிழைப்பின் பொறியும் பிழைக்கும். அமெரிக்காவில் எவருக்கு மிகுந்த கவனிப்பு வேண்டும் என்று கணித்த ஒரு பொறிமுறை, முன்னர் மருத்துவத்திற்கு மிகுதியாகச் செலவிடப்பட்டவரே மிகுந்த நோயாளர் என்று கொண்டது. வறுமையாலும் புறக்கணிப்பாலும் கருநிறத்தார்க்குச் செலவிட்டது குறைவாதலின், அவரைத் திடமுடையார் என்று அது தவறாக எண்ணிற்று. 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனை அம்பலமாக்கிற்று. அத்தகைய பொறியொன்று நம் கடற்கரைக் குப்பத்தையும் இருளர் குடியிருப்பையும் நோக்குமாயின் என் சொல்லும்? மருத்துவமனைக்கு வாராதவர் நோயற்றவர் என்றே சொல்லும். சொல்லியது பொறி ஆதலின் அதனை மறுப்பாரும் அரியராவர். இதுவே யாம் அஞ்சுவது.

தமிழ் பயிலும் எமக்கு இத்துறையில் என்ன பங்கு என்று நண்பர் சிலர் வினவலாம். பங்கு உண்டு. நோயாளர் தம் துன்பத்தை மருத்துவ நூலின் மொழியிற் கூறுவதில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு என்று அவர் கூறும் சொற்கள் ஒன்றற்கொன்று வேறுபட்டவை. அவையனைத்தையும் 'வலி' என்னும் ஒரே சொல்லாக்கி எழுதுங்கால் நோயின் அடையாளமே கரைந்துபோகின்றது. இனிவரும் பொறிகள் நோயாளர் பேச்சைக் கேட்டுத் தாமே எழுதிக்கொள்ளும் என்பர். அப்பொறிக்கு நகரத்துத் தமிழ் மட்டும் கற்பிக்கப்பட்டால், மீனவ மூதாட்டியின் பேச்சும் இருளர் பேச்சும் அதன் செவிக்கு எட்டாவாம். வட்டார வழக்குகளைத் தொகுத்து, சொல்லுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவரோடு கூடி ஆராய்தல் தமிழ் மாணவர் ஏற்கத்தக்க பணியாம். நம் கலாசாலையில் விஞ்ஞானம் பயில்வாரும் கணிதம் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றோம். இம்மூவரும் கூடின் இப்பணி கைகூடும்.

முடிவாக ஒன்று கூறுவாம். பொறிகள் பெருகட்டும், அவற்றை வரவேற்போம். ஆயினும் ஒரு நாட்டு மருத்துவத்தின் வருங்காலம் பொறி விற்கும் கடையில் இல்லை. ஒரு செவிலியர் ஒரு குடிசையின் வாயிலில் நின்று, ஒருவர் பெயரைப் பிழையின்றிக் கேட்டு, அவர் சொல்லியவாறே எழுதி, எழுதியதைப் பிறர் காணாமற் காத்து, மறுமுறையும் அவ்வாயிலுக்குத் திரும்பி வருகின்றாரா என்பதிலேயே அஃது உளது. நமது செங்கற்பட்டு ஐம்பது ஆண்டுகட்கு மேலாக உலகுக்கு உணர்த்திவரும் உண்மை இதுவே. இவ்வைந்தாம் உறுப்பும் குறைவற அமையுமாயின், ஏனைய நான்கும் தத்தம் தொழிலைச் செவ்வனே ஆற்றும் என்பது எமது துணிபு.