சித்திரத்துக்குள் சித்திரம்

தரையில் சிந்திக் காய்ந்த வர்ணத்தைச் சுரண்டினால் தரையும் அல்லவா பெயர்ந்து வருகிறது! தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தச் சங்கடம் இன்னும் பெரிதாக வந்தது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையின் சுவரில் தெரிந்தவை நாயக்கர் காலச் சித்திரங்கள். அவற்றின் பூச்சு உதிர்ந்த இடங்களில், அடியில் ராஜராஜன் காலத்து ஓவியங்கள் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளை யானை மீது கயிலை செல்லும் சுந்தரர், குதிரையில் சேரமான், முப்புரம் எரித்த சிவபெருமான்! ஈரச் சுண்ணாம்பில் தீட்டியதால் வர்ணம் சுவரோடு இறுகியிருந்தது.

அதற்காக மேலே இருப்பதை அழித்துவிடலாமா? அதுவும் நானூறு ஆண்டுப் பழைமை உடையதாயிற்றே! மத்தியத் தொல்பொருள் துறையினர் சுரண்டவில்லை. நாயக்கர் பூச்சைப் படலமாக அப்படியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். சோழர் சித்திரம் சுவரில் நின்றது. நாயக்கர் சித்திரம் பலகையில் ஏறிற்று.