இணை சேர்த்து ஒப்பிடுவோம்

1877ஆம் ஆண்டில், இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. 1888இல் அங்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்குப் பெருங்கேடு விளையாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். நாம் உளி பிடிக்கும் முறைக்கு மூலம் அதுவே.

புதிய வெட்டு முறையால் பால் பெருகும் என்று ஒருவர் கூறுகிறார் எனக் கொள்வோம். சீவிய பட்டை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, அவர் கூற்றைச் சோதித்தறிதல் நம் கடமையாகும். எவ்வாறு சோதிப்பது?

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் இரு தராசுகளை ஒப்பிட விரும்புகிறோம். ஒன்றில் மீனையும் மற்றொன்றில் வெங்காயத்தையும் நிறுத்தால் பயனுண்டோ? ஒரே பொருளை இரண்டிலும் நிறுத்தால்தான் வேறுபாடு விளங்கும்.

மரங்களுக்கும் இதுவே நெறி. ஒரு மரம் 20 கிராம் பால் தரலாம். வேறொன்று 60 கிராம் தரலாம். இத்தகைய மரங்களைக் கலந்து சராசரி பார்த்தால், புதிய முறை தரும் 3 கிராம் மிகுதி அதனுள் மறைந்துபோகும். எனவே வயது, இனம், பருமன் ஆகியவற்றில் ஒத்த இரு மரங்களை ஓர் இணையாக்குக. எதற்குப் புதிய முறை என்பதைக் காசு சுண்டி முடிவு செய்க. இரண்டையும் ஒருவரே, ஒரே காலையில் வெட்டுக. பின்னர் ஒவ்வோர் இணையின் வேறுபாட்டையும் குறித்து வருக.

எட்டு இணைகளிலும் புதிய முறையே முந்தினால் என்ன பொருள்? இரு முறைகளும் சமமாயின், அவ்வாறு தற்செயலாக நேர்வது காசை எட்டு முறை சுண்டி எட்டு முறையும் தலை விழுவதை ஒக்கும். அதற்கு 256இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆனால், ஐந்தில் முந்தி மூன்றில் பிந்தினால் அவசரப்படலாகாது; அது தற்செயலாகவே எளிதில் நேரக்கூடியது.

டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், வேறுபாடுகளின் சராசரியையும் அவற்றின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணிக்கும் வழியை 1908இல் 'மாணவர்' என்னும் புனைபெயரில் வெளியிட்டார். அவர் காட்டிய சான்றில், 10 பேர் இரு உறக்க மருந்துகளையும் உட்கொண்டிருந்தனர். ஒன்பது பேருக்கு இரண்டாம் மருந்தே மிகுந்த உறக்கம் தந்தது. ஒருவருக்கு இரண்டும் சமம். வேறுபாட்டின் சராசரி 1.58 மணி நேரம்.

ஒன்றை மறவாதீர்கள்: முந்திய இணைகளை மட்டும் எழுதிப் பிந்தியவற்றை விட்டுவிடலாகாது. பிந்தியதையும் மறைக்காமல் எழுதும் ஏடே உண்மை பேசும்.