மலைமேல் ஏரி, கடல்மட்டத்துக்குக் கீழே தரை! தெரியுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் ஷெலான் என்றோர் ஏரி. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 335 மீட்டர் மேலே. ஆழம் எவ்வளவு தெரியுமா? 453 மீட்டர்! கழித்துப் பாருங்கள். ஏரியின் தரை கடல்மட்டத்துக்கு 118 மீட்டர் கீழே போய்விடுகிறது! ஈஃபில் கோபுரத்தை அப்படியே உள்ளே இறக்கினாலும், அதன் உச்சிக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் நிற்கும். அமெரிக்காவில் இதைவிட ஆழமானவை இரண்டே ஏரிகள்தான்: கிரேட்டர் ஏரியும் டாஹோ ஏரியும்.

இந்தப் பள்ளத்தைத் தோண்டியது யார்? ஆறு இல்லை! ஆறு எவ்வளவு சீறினாலும் கடலை நோக்கிச் சரிந்துதான் ஓட வேண்டும். கடல்மட்டத்துக்குக் கீழே இவ்வளவு தூரம் குடைய அதற்கு வழியில்லை. பனியாற்றுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது. பல நூறு மீட்டர் கனமுள்ள பனி, பின்னாலிருந்து தள்ளும் தன் எடையாலேயே மேட்டிலும் ஏறும். அடியில் சிக்கிய பாறைகளைக் கொண்டு மலையையே ராவிவிடும். இங்கே அது நடந்திருக்கிறது. அதுவும் இரண்டு பக்கத்திலிருந்து! மேற்கு மலைகளிலிருந்து ஒரு பனியாறு இறங்கி வந்தது. கனடாப் பக்கமிருந்து வந்த மாபெரும் பனிப்படலத்தின் ஒரு நாக்கு, கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக எதிர்முனையில் நுழைந்தது. அதனால்தான் பார்வைக்கு ஒன்றாக நீண்டு கிடக்கும் ஏரி, தண்ணீருக்கடியில் இரண்டு தொட்டிகளாக இருக்கிறது. இடையில் உள்ள இடுக்கில் ஆழம் சுமார் 37 மீட்டர்தான். அதைத் தாண்டினால் அதலபாதாளம்!

நீளம் 81 கிலோமீட்டர், அகலமோ சராசரியாக 2 கிலோமீட்டர்கூட இல்லை. கரையோரச் சிகரங்களில் சில 2,500 மீட்டரை எட்டுகின்றன. ஏரியின் தரையிலிருந்து அந்த உச்சிவரை அளந்தால் 2,600 மீட்டருக்கு மேல். உலகமே வாய்பிளந்து பார்க்கிற கிராண்ட் கேன்யனே இவ்வளவு ஆழமில்லை! இங்கே பள்ளத்தாக்கைத் தண்ணீரும் காடும் மூடியிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். இந்தத் தண்ணீர் முழுதும் ஒருமுறை மாறிப் புதிதாக ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகின்றன. ஏரியிலிருந்து வெளியேறும் ஷெலான் ஆறோ ஏழு கிலோமீட்டர்கூட ஓடாமல் கொலம்பியாவில் கலந்துவிடுகிறது!

இனி எனக்கு மிகவும் பிடித்த அதிசயத்துக்கு வருகிறேன். ஏரியின் மேல்முனையில் ஸ்டெஹீக்கின் என்றொரு சிற்றூர். அமெரிக்காவில், கார்களின் தேசத்தில், இந்த ஊருக்குச் சாலையே இல்லை! படகு, மிதவை விமானம், அல்லது மலையேறி வரும் நடைப்பயணம். வேறு வழி கிடையாது. மெதுவான படகென்றால் சுமார் 4 மணி நேரம். கரைப்பாறைகள் செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால் சாலை போட இடமே வைக்கவில்லை பனியாறு. ஆனாலும் ஊருக்குள் ஒரு சாலை உண்டு, கார்களும் உண்டு. எல்லாம் படகில் ஏற்றிக் கொண்டுவந்தவை! அந்தச் சாலை வெளியுலகத்தின் எந்தச் சாலையோடும் சேர்வதில்லை. மரக்கட்டைகளால் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் 1921 முதல் 1988 வரை இங்கே நடந்தது. அதே கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். 1968-இல் இந்தப் பகுதியைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்தார்கள்.

பொழுதுபோக்கும் இரண்டு உலகம்தான். கீழ்முனையில் ஷெலான் நகரம்: வறண்ட குன்றுகள், ஆப்பிள் தோட்டங்கள், திராட்சைக் கொடிகள், மணற்கரையில் குளிக்கும் குடும்பங்கள். மேலே போகப்போக மழையும் பனியும் கூடி, காடு அடர்ந்து, படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய கூடார முகாம்கள் வருகின்றன. நடக்க விரும்புகிறவர்கள் வழியில் பிரின்ஸ் கிரீக் என்ற இடத்தில் படகைவிட்டு இறங்கி, ஏரிக்கரையோரமாகவே ஏறக்குறைய 28 கிலோமீட்டர் நடந்து ஸ்டெஹீக்கினை அடையலாம். வசந்தகாலத்தில் பூக்கள் சொரியும் பாதை. கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு; காலடியைப் பார்த்து நடக்க வேண்டும்! தூண்டில்காரர்களுக்கும் ஒரு சேதி: மாநிலச் சாதனையான, 16 கிலோவைத் தாண்டிய லேக் டிரவுட் மீன் சிக்கியது இந்த ஏரியில்தான்.

மெக்சிகோ எல்லையிலிருந்து கனடாவரை 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் நடைபாதையும் ஸ்டெஹீக்கின் பக்கமாகத்தான் போகிறது. வடக்கு நோக்கி மாதக்கணக்கில் நடந்துவருகிறவர்களுக்கு எல்லைக்கு முன்னால் கடைசி ஊர் இதுதான். காட்டுப்பாதையிலிருந்து இறங்கும் பேருந்து, வழியில் ஊர் பேக்கரி வாசலில் நிற்கும். இலவங்கப்பட்டை மணக்கும் சுருள் ரொட்டிக்கு அங்கே எத்தனை கூட்டம் தெரியுமா!