வெப்பக் கடத்தாறும் அதன் அலகுகளும்

கொதிக்கும் கஞ்சியில் ஓர் உலோகக் கரண்டியையும் ஒரு சிரட்டை அகப்பையையும் சற்று நேரம் விட்டுவைத்தால், கரண்டியின் காம்பைக் கை தாங்காது. அகப்பையின் காம்பைத் தயக்கமின்றிப் பிடிக்கலாம். வெப்பத்தைக் கடத்துவதில் பொருளுக்குப் பொருள் உள்ள இவ்வேற்றுமையை எண்ணால் அளந்து கூறுவதே வெப்பக் கடத்தாறு என்னும் கணியமாகும்.

பிரெஞ்சுக் கணித அறிஞரான பூரியே, வெப்பம் பற்றி 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதற்குத் திட்டமான கணித வடிவம் அளித்தார். ஒரு தகட்டின் ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிராகவும் இருக்கையில், அதனூடாக ஒரு செக்கனிற் செல்லும் வெப்பம், தகட்டின் பரப்புக்கும் இரு முகங்களின் வெப்பநிலை வேற்றுமைக்கும் நேர்விகிதசமமாகவும், தடிப்புக்கு நேர்மாறு விகிதசமமாகவும் அமைகின்றது. இவற்றோடு பெருக்குவதற்கு எஞ்சி நிற்கும் எண்ணே அப்பொருளின் கடத்தாறு. ஆகவே அதன் அலகினுள்ளே வெப்பம், நேரம், பரப்பு, தடிப்பு, வெப்பநிலை ஆகிய ஐந்தும் அடங்கியுள்ளன. இவ்வைந்தையும் நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் வெவ்வேறு அலகுகளால் அளந்து வந்தமையே குழப்பத்துக்குக் காரணமாயிற்று.

பழைய பௌதிக நூல்களிற் செம்பின் கடத்தாறு ஏறத்தாழ 0.92 எனக் காணப்படும். அது கலோரி, செக்கன், சென்ரிமீற்றர், செல்சியசுப் பாகை ஆகியவற்றாற் கூறப்பட்டது. இன்றைய நூல்கள் அதே செம்புக்கு 385 என்று கூறும். இது மீற்றருக்கும் கெல்வினுக்கும் இத்தனை உவாற்று என்ற கணக்கு. செம்பு மாறவில்லை. ஒரு கலோரி ஏறத்தாழ 4.19 யூல், ஒரு செக்கனுக்கு ஒரு யூல் என்பதே ஓர் உவாற்று. பரப்பைச் சதுர சென்ரிமீற்றரிலிருந்து சதுர மீற்றருக்கு உயர்த்தினால் வெப்பம் 10,000 மடங்காகும். தடிப்பையும் ஒரு மீற்றராக்கினால் அது 100இல் ஒரு பங்காகக் குறையும். எனவே எஞ்சுவது 100. அதனை 4.19 ஆற் பெருக்க 419 வரும். 0.92ஐ 419 ஆற் பெருக்கினால் 385 கிடைக்கின்றது.

இங்கே கெல்வின் என்ற பெயரைக் கண்டவுடன் 273ஐக் கூட்ட முற்படுவோர் பலர். அது பிழை. கடத்தாற்றில் வருவது வெப்பநிலை அன்று, வெப்பநிலை வேற்றுமை. வேற்றுமையைப் பொறுத்தவரை ஒரு செல்சியசுப் பாகையும் ஒரு கெல்வினும் ஒன்றே. அவ்வாறே பரனைற்றுக்கு மாற்றுகையில் 32க்கு இங்கு இடமில்லை. ஒரு பரனைற்றுப் பாகை வேற்றுமை என்பது செல்சியசில் 9இல் 5 பங்கு, அவ்வளவே.

பொறியியலாளர் கையாண்ட பிரித்தானிய முறை இன்னும் சிக்கலானது. ஓர் இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகையாற் சூடாக்கும் வெப்பமே பிரித்தானிய வெப்ப அலகு. அது ஏறத்தாழ 1,055 யூல். மணிக்கு ஓர் அலகு வெப்பம் 0.293 உவாற்றாகும். ஓர் அடி 0.3048 மீற்றர். 0.293ஐ 0.3048 ஆலும், பின்னர் 9இல் 5 ஆலும் வகுத்தால் 1.73 வரும். அடிக் கணக்கிலுள்ள எண்ணை 1.73 ஆற் பெருக்கினால் மீற்றர் கணக்கு வந்துவிடும். ஆனால் சுவர், கூரை, குளிரறை ஆகியவற்றை அமைப்போர் பரப்பைச் சதுர அடியிலும் தடிப்பை அங்குலத்திலும் அளந்தனர். அமெரிக்காவில் இவ்வழக்கம் இன்னும் உண்டு. அப்போது பெருக்க வேண்டிய எண் 1.73 அன்று, அதன் 12இல் ஒரு பங்காகிய 0.144. இரு வகை அட்டவணைகளுக்கும் தலைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்; அங்குலம் என்ற ஒரு சொல்லே வேறுபாடு.

அச்சொல்லைத் தவறவிட்டால் என்ன நேரும்? தக்கைப் பலகையின் கடத்தாறு அங்குல அட்டவணையில் ஏறத்தாழ 0.3, அடி அட்டவணையில் 0.025. இரண்டும் மீற்றர் கணக்கில் 0.043 உவாற்றையே குறிக்கும். மீனும் மருந்தும் வைக்கும் ஒரு குளிரறைக்கு 6 அங்குலத் தக்கை வேண்டும் எனக் கொள்க. அமைப்பவர் 0.025ஐ அங்குலக் கணக்கென மயங்கினால், அரை அங்குலமே போதும் என்ற விடை வரும். வெளியே 30 பாகையும் உள்ளே 0 பாகையுமாயின், சரியான சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரூடாகவும் 8 அல்லது 9 உவாற்று வெப்பமே உட்புகும். அரை அங்குலச் சுவரிலோ 100 உவாற்றுக்கு மேற் புகும். இயந்திரம் ஓயாது ஓடியும் அறை குளிராது. உள்ளே இருப்பவை கெடும். எதிர்த்திசையிற் பிழைத்தாலோ பொருள் கெடாது, பணம் கெடும்: 12 மடங்கு தடிப்பான சுவர் வேண்டும் என்று கணக்குச் சொல்லும்.

இத்தகைய பிழையைப் பிடிக்க எளிய வழியொன்றுண்டு. அசைவற்ற காற்றின் கடத்தாறு மீற்றர் கணக்கில் ஏறத்தாழ 0.025. (தக்கையின் அடிக் கணக்கு எண்ணும் இதுவே, வெறும் தற்செயல், எனினும் மயங்கச் செய்யும்.) தக்கை, பஞ்சு, உமி போன்றவை தம் துளைகளிற் காற்றைச் சிறைப்படுத்தியே வெப்பத்தைத் தடுக்கின்றன, ஆதலால் அவை காற்றினும் சிறந்த தடையாக முடியாது. மேலே மயங்கியவர் தம் எண்ணை 0.144 ஆற் பெருக்கிப் பார்த்திருந்தால் 0.0036 என்று வந்திருக்கும். காற்றின் 7இல் ஒரு பங்கு. அவ்விடத்திலேயே ஐயம் எழுந்திருக்க வேண்டும். வெற்றிடப் பலகைகள், ஏரோசெல், காற்றினும் குறைவாகக் கடத்தும் வாயு நிரம்பிய நுரைகள் ஆகியன மட்டுமே இவ்விதிக்குப் புறம்பானவை.

தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களை எழுதுவதிற் காட்டப்படும் அக்கறை பெரும்பாலும் வீணானது. கலோரி 4.184 யூலா, 4.1868 யூலா என்ற வேறுபாடு 1,000இல் ஒரு பங்குகூட இல்லை. தக்கையினுள் ஈரம் புகுந்தாலோ நிலைமை வேறு. நீரின் கடத்தாறு 0.6, அது உறைந்து பனிக்கட்டியானால் 2க்கும் மேல். ஈரமேறிய சுவருக்கு எந்த அட்டவணையின் எண்ணும் பொருந்தாது. அதனாலேயே குளிரறைச் சுவரின் வெளிப்புறத்தில், காற்றின் ஈரம் உட்புகாதவாறு, தாரோ வேறொரு நீராவித் தடுப்போ பூசுகிறார்கள்.